மேட்டுக்கு அந்தப் பக்கம் போன குழாய்

தங்கச் சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகியும், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குக் ‘கம்பெனி வீடு’ என்றுதான் பேர். எது கெட்டாலும் சுரங்கக் கம்பெனிதான் பார்க்க வேண்டும் என்ற நினைப்பும் எங்களை விட்டுப் போகவில்லை.

சென்ற வருடம் கவுன்சிலர் வாசலுக்கே வந்தார். “புதுசா தெருக்குழாய் போடறோம். எங்க வேணும்னு வார்டு கூட்டத்துல வந்து சொல்லுங்க” என்றார்.

பக்கத்து வீட்டு மேரி அக்கா முழங்கால் வலிக்காரர். அவர் போவதாகத்தான் இருந்தார். நான்தான் தடுத்தேன்.

“கம்பெனி லைன்ல நகரசபைக்கு இன்னாக்கா வேலை? போகாதீங்க” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடித்தேன்.

கூட்டத்துக்கு வந்தவர்களின் தெருவில், மேட்டுக்கு அந்தப் பக்கம் குழாய் போட்டார்கள். நகரசபைக்கு ஓடினேன். “உங்க லைன்லேருந்து ஒருத்தரும் வரலியே” என்றார் அதிகாரி.

இப்போதெல்லாம் கூட்டம் என்றால் லீவு போட்டுவிடுகிறேன். போன முறை மேரி அக்காவையும் கூப்பிட்டேன்.

“தண்ணி வர்ற நேரம்மா. நான் மேடு ஏறி இறங்கறதுக்குள்ள கூட்டமே முடிஞ்சிடும். நீ போ” என்றார், இடுப்பில் குடத்துடன்.