அம்மா துணி ஒட்டிய பெட்டிகள்

அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். அப்பாவுக்குப் பார்வை மங்கியபின் எதை எடுக்கவும் எங்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் கேட்பதையே நிறுத்திவிட்டார். அம்மா காலி செருப்புப் பெட்டிகளில் மிச்சத் துணிகளைப் பசை தடவி ஒட்டினாள். முரட்டு ஜீன்ஸ் துணி என்றால் சவர சாமான், வெல்வெட் என்றால் மாத்திரை, டவல் துணி என்றால் சாக்ஸ். என் ரிப்பனுக்கும் ஜரிகை ஒட்டி ஒரு பெட்டி தந்தாள். அப்பா தடவிப் பார்த்தே எடுத்துக்கொண்டார். பழையபடி சீட்டியும் அடித்தார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒருநாள் சவர சாமானையும் சாக்ஸையும் இடம் மாற்றி வைத்தேன். மாத்திரையைத் தொடவில்லை, அவ்வளவு அறிவு எனக்கும் உண்டு. அப்பா ஜீன்ஸ் பெட்டிக்குள் கையை விட்டார். சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"ஏம்மா, எனக்கு விரலும் போச்சா?" என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"இல்லப்பா, நான்தான் மாத்தி வச்சேன்." ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடி கழுதை!" அம்மா ஸ்கேலை ஓங்கினாள்.

"விடு விடு. விரல் நல்லாத்தான் இருக்கு," என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலையில் ஜரிகை ஒட்டிய என் பெட்டியைத் திறந்தேன். ரிப்பனைக் காணோம். உள்ளே அப்பாவின் சாக்ஸ் கிடந்தது. மெஷின் சத்தத்தையும் தாண்டிச் சீட்டி கேட்டது.