ஒரே ஒரு லஸ்ட்ரம்

சிங்கப்பூரில், ஈசூனில் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, வீடு மந்திரிக்கச் சாமியார் வருவதாக இருந்தது. வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது, அவர் வரவில்லை. தீர்த்தம் தெளிக்காத வீட்டில் படுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. "நீதான் முக்கால் சாமியாராச்சே, நீயே தெளிடா" என்று மாமாவிடம் கிண்ணத்தை நீட்டினார்.

மாமா, அம்மா தூக்கி வளர்த்த தம்பி. குருமடத்துக்குப் போய்ப் பாதியில் ஓடி வந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது நாலு லத்தீன் வார்த்தைதான் என்று அப்பா கேலி செய்வார்.

சோற்றில் வாசனைக்குப் போடக் குசினியில் கிடந்த பாண்டான் இலையை முடிந்து, தீர்த்தத்தில் முக்கி, மாமா அறை அறையாகத் தெளித்தார். நான் மெழுகுவத்தியோடு பின்னால் நடந்தேன். வாசலில் தெளித்தபோது, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் ஊதுபத்தி அணைந்தே போயிற்று. "நெவர் மைண்ட் லா" என்று அவர் சிரித்தபடி மறுபடியும் ஏற்றினார்.

"அந்தக் காலத்து ரோமாபுரியில ஜனங்களை எண்ணி முடிச்சதும் பன்னி, ஆடு, காளை மூணையும் சுத்திக் கூட்டிட்டுப் போய்ப் பலி கொடுப்பாங்க. ஊருக்குத் தீட்டு கழியும். அடுத்தது அஞ்சு வருஷம் கழிச்சுத்தான். அதுக்குப் பேரு லஸ்ட்ரம். அஞ்சு வருஷம்னா ஒரு லஸ்ட்ரம்" என்றார் மாமா. "பன்னிக்கு நான் எங்கே போறது? உன்னைத்தான் கூட்டிட்டுப் போறேன்."

கடைசியாகச் சின்ன அறை. மாமாவுக்கென்று அம்மா அங்கே மடக்குக் கட்டில் போட்டு, புது விரிப்பும் விரித்திருந்தார். மாமா வாசலிலேயே நின்றார்.

"அக்கா, ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல வேலை கிடைச்சிருக்கு. அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்."

"அஞ்சு வருஷமா?"

"ஒரே ஒரு லஸ்ட்ரம்தாம்மா!" என்று நான் கத்தினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

"அதுவரைக்கும் இந்த ரூம் உனக்குத்தான்" என்றார் மாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா போனபின் அந்த அறையில் படுத்துக்கொண்டு மழையைக் கேட்பேன். பாண்டான் வாசம் இன்னும் இருப்பதுபோல் தோன்றும். அரைத்தூக்கத்தில் பன்றியும் ஆடும் காளையும் நனைந்துகொண்டே எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிவரும். முன்னால் மாமா நடப்பார். அம்மா மட்டும் கட்டிலை மடக்கவோ அதில் படுக்கவோ விடவே இல்லை. நான் தரையில் பாய் விரித்துத்தான் படுத்தேன். இது யாருடைய அறை என்று எனக்கு ஒரே கோபம்.

அம்மா விரிப்பை மாற்றும்போதெல்லாம், "ஒண்ணே ஒண்ணுதானேம்மா" என்று சமாதானம் சொல்வேன். அம்மாவுக்குத் தம்பியும் ஒரே ஒருவர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.