எங்கள் வீட்டு ஹாலை வரைந்தபோது

எனக்கு எந்தப் படமும் முதலில் தீப்பெட்டி அளவில்தான் வரும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்று மட்டும் பென்சிலால் தீட்டிப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் சதுரமாக ஓட்டை போட்டு, படத்துக்குள் எது அடங்கும் என்று பார்க்க அதை ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் திரிவேன். பால்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணில் அடி பட்டுவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தார்.

அந்த ஆவணியில் நான் வரைய நினைத்தது எங்கள் ஹாலை. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில், வயலையொட்டிக் கட்டிய புது வீடு. ரியாத்தில் வேலை பார்க்கும் என் கணவரின் சம்பாத்தியத்தில் எழும்பியது. குடிவந்த பிறகு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டை அவர் போனில்தான் பார்த்திருந்தார். பெரிய சுவர் சும்மா கிடக்கிறதே, நீயே ஒரு படம் வரைந்து மாட்டு என்று சொன்னதும் அவர்தான்.

படம் பிடிபடவில்லை. வாசலிலிருந்து வரைந்தால் லாட்ஜ் வரவேற்பறை மாதிரி இருந்தது. மாடிப்படியிலிருந்து வரைந்தால் இன்ஜினியர் பிளான். ஜன்னலை நடுவில் வைத்து, வெளியே இருந்த நாற்றங்கால் பச்சையை உள்ளே இழுத்துப் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது, ஆனால் யார் வீட்டுக்கும் பொருந்துகிற அழகு. எரிச்சல் தலைக்கேறியது.

போதாக்குறைக்கு, இன்னும் சில வருஷம் இருக்கிறாயா என்று கம்பெனி அவரைக் கேட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் போதும். "நீ என்ன சொல்றே?" என்று என்னிடம் கேட்டார். "உங்க இஷ்டம் மச்சான்" என்று சொல்லி வைத்தேன். வாங்க என்று சொல்லத்தான் ஆசை. வந்த பிறகு கஷ்டப்பட்டால் பழி என் தலையில் விழுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து, வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டார். கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு வீடு புள்ள?"

கேலி என்று நினைத்து வள்ளென்று விழப் போனேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "ஜன்னல் அந்தப் பக்கமா இருக்கு?" என்று நிஜமாகவே கேட்டார்.

பேசி முடித்ததும் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். தினமும் அவரோடு பேசும்போது போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பேன். டப்பாவை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் படுத்து மேலே பார்த்தேன். பாதி ஃபேன். டியூப்லைட். ஃபிரிட்ஜின் மேல்மூலை. நான் உட்காரும் நாற்காலியின் முதுகு. அவர் குடியிருந்த வீடு இவ்வளவுதான்.

அப்படியே அதை வரைந்தேன். நாற்காலியில் என் மோவாயையும் அரை நெற்றியையும் சேர்த்தேன். கோணல்மாணலான படம், என்னிடம் ஓவியம் படிக்கும் மாணவர் யாராவது கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஆமா, இதான் நம்ம வீடு! டியூப்லைட்டு ஓரம் கருத்திருக்குமே, அதைக்கூட விடலியே!"

அவர் குரலில் அப்படியொரு சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க மச்சான். வந்துடுங்க" என்றேன்.