நாலு வயது இளவரசனுக்கு ஒரு பொன்னாடை

ரொறன்ரோவுக்கு வெளிநாட்டு அரச குடும்பம் ஒன்று வந்தது. அவர்களின் நாலு வயது இளவரசனுக்குப் பொன்னாடை போர்த்த, எங்கள் தமிழ்ச் சங்கம் என் எட்டு வயது மகளைக் கேட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது.

"உவன் என்னத்தைச் சாதிச்சவன்? பிறந்தது மட்டும்தானே," என்றேன். மகளிடம், "சும்மா போட்டிட்டு ஓடி வா," என்று சொல்லி அனுப்பினேன்.

ஒக்டோபர் மாதக் குளிர்காற்று. பெரியவர்கள் எல்லோரும் கோட்டுக்குள் இருந்தார்கள். அந்தப் பொடியன் மட்டும் அரைக் காற்சட்டையோடு, முழங்கால் சிவந்து, நடுங்கிக்கொண்டே கமராக்களுக்குக் கையசைத்தான். அவன் நிறுத்தியதும் தாய் மெல்லத் தோளைத் தட்டினார். அவன் திரும்பவும் அசைத்தான்.

மகள் குந்தியிருந்து பொன்னாடையை அவன் கால்வரை இறுக்கிச் சுற்றினாள். போர்த்தியதைப் படம் எடுத்ததும் கழற்றி மடித்துவிடுவது எங்கள் வழக்கம். சங்கத் தலைவர் கை நீட்டினார்.

"எடுக்காதேங்கோ அங்கிள். நீங்கள் கோட்டுப் போட்டிருக்கிறீங்கள்தானே? இவருக்குக் குளிருது," என்றாள் மகள்.

தலைவர் கையை இழுத்துக்கொண்டார். இளவரசன் கையசைப்பதை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டான்.

நடுங்குகிற ஒரு பிள்ளையோடு கோபித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று பக்கத்தில் நின்றவர் கேட்காமலே நான் சொன்னேன்: "அது என்ரை மகள்."