சித்தப்பா மறைத்த பிழை

போன வாரம் ஒரு மாலை, மகளின் பள்ளிப் பேருந்துச் செயலியில் அவள் பெயருக்கு நேரே 'இன்று வரவில்லை' என்று காட்டியது. காலையில் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டதே நான்தான். பள்ளியில் போனை யாரும் எடுக்கவில்லை. அரை மணி கழித்து அவள் சாவகாசமாகப் படியேறி வந்தாள்.

"பஸ்ஸ மாத்திட்டாங்கம்மா. அதுக்கு எதுக்கு அழற? அச்சா, ஜல்தி ஏதாவது குடு, பசிக்குது."

மாற்றுப் பேருந்தின் எண் ஏதோ ஒரு பட்டியலில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் எனக்குத் தூக்கம் இன்னும் திரும்பவில்லை. படுத்தால் சித்தப்பாவின் முகம் வருகிறது.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஊரில் படித்துவிட்டு வேலை தேடி டெல்லிக்கு வந்த சித்தப்பா எங்களோடு தங்கியிருந்தார். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் ஸ்ப்ரெட்ஷீட் கற்றுக்கொண்டிருந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் குளிர்காலப் பிக்னிக் வந்ததும், பட்டியல் போடும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த நாளில் எங்கள் ஆட்களுக்குப் பெயரைவிட, அரசாங்கம் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீட்டின் எண்தான் அடையாளம். சங்கத்துப் பழைய பட்டியலில் எல்லாக் குடும்பங்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். பிக்னிக்குக்குப் பெயர் கொடுத்தவர்கள் வேறொரு பட்டியலில். பழைய பட்டியலின் குவார்ட்டர்ஸ் எண்ணைப் புதியதில் தேடி, பஸ் எண்ணை எடுத்து வரும்படி சித்தப்பா ஒரு ஃபார்முலா எழுதினார். எண் அகப்படாத இடத்தில் எல்லாம் #N/A என்று வந்தது.

சங்கத்துச் செயலாளர் திருநெல்வேலிக்காரர். அச்சடித்த தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னடே இது? தாள் பூராவும் முள்வேலி போட்டு வச்சிருக்க?"

"அது எரர் சார். அங்க தேடினது கிடைக்கலன்னு அர்த்தம்."

"கிடைக்கலன்னா வரலன்னுதானே? அதை மனுசனுக்குப் புரியுத மாதிரி போடுடே."

சித்தப்பா ஃபார்முலாவைச் சுற்றி இன்னொரு ஃபார்முலா போட்டார். பிழை வந்தால் 'வரவில்லை' என்று ஆங்கிலத்தில் காட்டும். வேலிகள் மறைந்தன. செயலாளர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை.

அதற்கு முந்தைய மாதம்தான் நாங்கள் கோல் மார்க்கெட்டிலிருந்து கிட்வாய் நகருக்குக் குவார்ட்டர்ஸ் மாறியிருந்தோம். சங்கத்துப் பட்டியலில் எங்கள் பழைய எண்ணே இருந்தது. பிக்னிக்குக்குச் சித்தப்பா கொடுத்ததோ புது எண். அவருடைய ஃபார்முலா அவருடைய வீட்டையே தேடிக் காணாமல், 'வரவில்லை' என்று எழுதிவிட்டது. வராதவர்கள் வரிசையில் எங்கள் பெயரும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இப்போது அலுவலகத்தில் எனக்கும் இதே பிழைப்புதான். பிழை வரும் கட்டங்களை நான் மறைப்பதில்லை. "ஷீட் பாக்கவே நல்லால்ல மேடம்" என்பார் மேலதிகாரி. இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

பிக்னிக் ஃபரீதாபாத் பக்கத்து ஏரியில். பிள்ளைகளுக்குத் தனி பஸ், பெரியவர்களுக்குத் தனி பஸ். போகும்போது அவரவர் காலனியில் ஏறிக்கொண்டதால் யாரும் பெயர் கூப்பிடவில்லை. திரும்பும்போது பிள்ளைகள் பஸ்ஸில் மட்டும் செயலாளர் தாளைப் பார்த்துக் கூப்பிட்டார். வராதவர்கள் பெயரைக் கூப்பிட வேண்டியதில்லை அல்லவா? நான் புதருக்குப் பின்னால் மயிலிறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ்களும் கிளம்பிப் போய்விட்டன.

நான் பயப்படவே இல்லை என்பதுதான் இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது. வாசல் காவல் கூண்டிலிருந்த சௌகிதார், "கிஸ்கே சாத் ஆயீ ஹோ, பேட்டி?" என்று, யாரோடு வந்தேன் எனக் கேட்டார். "பஸ் ஆயேகி" என்றேன், பஸ் வந்துவிடும் என்று அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல. அவர் தந்த வேர்க்கடலையைத் தின்றபடி, கிடைத்த இறகுகளை அளவுவாரியாக அடுக்கினேன். இவ்வளவு பெரிய இடம் எனக்கு மட்டும் கிடைத்ததே என்றிருந்தது.

வழியில் டீக்கு நிறுத்தியபோது, அம்மா எனக்கு ஸ்வெட்டர் போட்டுவிடப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அப்புறம்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

பஸ் திரும்பி வந்தது. நிற்பதற்குள் சித்தப்பா குதித்தார். நான் கூண்டோரம் நின்று கையாட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு செருப்பு கழன்று விழ, என்னைத் தாண்டி நேராக ஏரிக்கு ஓடினார். கரையில் நின்று, தண்ணீரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பார்த்தார். முழங்கால் அளவு இறங்கிப் பார்த்தார்.

பின்னாலேயே போய் அவர் சட்டையை இழுத்தேன்.

"என்ன சித்தப்பா தொலைஞ்சுபோச்சு?"

திரும்பிப் பார்த்தவர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ரொம்ப முக்கியமான பொருள் போலிருக்கிறது, நாமே தேடிக் கொடுப்போம் என்று நான் தண்ணீருக்குள் குனிந்து பார்த்தேன்.