மட்டாஞ்சேரியில் என் கண்முன் நடந்த கடத்தல்

தோழி செல்வியைப் பார்க்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை கொச்சி போனேன். (பெயரை மாற்றியிருக்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும்.) வீட்டை எதிர்த்து வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டவள். மட்டாஞ்சேரியில் மசாலாக் கடையில் வேலை. கணவருக்குக் கட்டட வேலை.

கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் நான்கு மணி நேரம். அங்கிருந்து மட்டாஞ்சேரி சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். பஸ்ஸில் போனால் மிச்சம், ஆனால் நின்றுகொண்டே போகவேண்டும்.

மதியம் இருவரும் பஜார் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். பழைய கிடங்குகளை நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் கார் எங்களை உரசிக்கொண்டு நின்றது. இறங்கிய மூன்று பேரில் ஒருவன் செல்வியின் அண்ணன். அவள் முடியைப் பிடித்துக் காருக்குள் இழுத்தான். "காப்பாத்துங்க!" என்று அலறினாள். நானும் கத்தினேன்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். "என் தங்கச்சிங்க. குடும்ப விஷயம், போங்க," என்றான் அவன். அவ்வளவுதான், எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்! பட்டப்பகலில் ஒரு பெண்ணைத் தூக்கிப்போக அவனுக்குக் கத்திகூடத் தேவைப்படவில்லை.

எதிரே துணிக்கடை வைத்திருக்கும் பாத்திமா இத்தா (முஸ்லிம் அக்காக்களை அங்கே இப்படித்தான் கூப்பிடுவார்கள்) மட்டும் ஸ்கூட்டரை உருட்டிவந்து காருக்குக் குறுக்கே நிறுத்தினார்.

"தங்கச்சின்னா? வர்றேன்னு அவ பறஞ்சாளா?"

"இல்ல இத்தா!" உள்ளிருந்து செல்வி கத்தினாள்.

அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு ரோஷம் வந்தது. கதவைத் திறந்து அவளை இறக்கினார்கள். யாரோ 112-ஐ அழைத்தார்கள். போலீஸ் வந்து மூன்று பேரையும் பிடித்துப் போனது.

காவல் நிலையத்தில் இன்னொரு கூத்து. "சொந்த சேட்டனல்லே மோளே? பேசித் தீர்க்கலாமே," என்றார் புகாரை எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர். எனக்கு ரத்தம் கொதித்தது. வேற்றாள் செய்தால் கடத்தல், அண்ணன் செய்தால் அக்கறையா?

செல்வியின் உதடு கிழிந்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை. "அண்ணன்னு எழுதாதீங்க சார். மூணு பேர் கடத்தினாங்கன்னு எழுதுங்க." எழுதும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் வழக்குப் பதிந்தார்கள்.

சில நாட்களில் மூவரும் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். வீட்டையும் வேலையையும் விட்டு வேறு இடம் போனது செல்வியும் அவள் கணவரும்தான். எங்கே என்று எழுதமாட்டேன். இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மட்டாஞ்சேரி போங்கள். காலையில் போனால் வெயிலும் கூட்டமும் குறைவு. ஆனால் எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும், ஒரு பெண்ணை யாராவது இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால், இழுப்பவனிடம் அவள் உனக்கு யார் என்று கேட்காதீர்கள். வழியை மறித்துவிட்டு அவளிடம் கேளுங்கள்.