ஜவுபர் சாச்சா வேலியில் வைத்த பொருள்

எதையும் கூட்டாமலும் குறைக்காமலும், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜவுபர் சாச்சா என் வாப்பாவின் தம்பி. நுரைச்சோலைக்கு வடக்கே எங்கள் கரையில் மீன் பிடித்தவர். இதை வாசிக்கப்போகும் உங்களில் பலர் அவரோடு கடலுக்குப் போனவர்கள், அவருடைய பகிடிக்குச் சிரித்தவர்கள், கடைசி மாதங்களில் அவரைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பியவர்கள். உங்களுக்காகவே எழுதுகிறேன். இரண்டை மட்டும் விட்டிருக்கிறேன். படகைப் பிடித்துவைத்த அலுவலகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வாப்பா கேட்டார், எழுதவில்லை. நாடுகளின் பெயர்களை நானாகவே விட்டேன். அவை தங்கள் பொருளில் தங்கள் பெயரை எழுதவில்லை. நான் ஏன் எழுத வேண்டும்?

செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். வாப்பா வீட்டில் கட்டுகிற சாரத்தோடு பாடசாலை அதிபரின் அறை வாசலில் நின்றார். பாடசாலைக்குச் சாரத்தோடு வருகிற ஆள் இல்லை அவர். கொழும்பிலிருந்து புத்தளம் வருகிற பஸ்ஸில், மதுரங்குளிக்குக் கொஞ்சம் முன்னால், யன்னலில் தலை சாய்த்தபடி சாச்சா மௌத்தாகியிருந்தார். கொண்டக்டர் அவருடைய கைபேசியை எடுத்து, கடைசியாகக் கதைத்த இலக்கத்துக்கே அழைத்திருக்கிறார். அது அவர் மனைவி, எங்கள் சாச்சியின் இலக்கம். ஐயா எழும்புகிறார் இல்லை என்று அவர் சிங்களத்தில் சொல்ல, சாச்சி அதை நித்திரை என்றே நினைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடும்படி கேட்டிருக்கிறார். மாரடைப்பு என்று வைத்தியசாலையில் எழுதித் தந்தார்கள். அது பிழை என்று நான் சொல்லவில்லை. அவர் எங்கே போய்விட்டு வந்தார் என்று அதில் எழுத இடமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கரையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடுத்தவனுடைய மிதப்போ, அறுந்த வலையோ, துடுப்போ உங்கள் வலையில் ஏறினால் கொண்டுவந்து படகு ஏற்றும் இடத்து வேலியில் வைப்பீர்கள். உரியவன் வருவான், ஒரு ஸலாம் சொல்லி எடுத்துக்கொண்டு போவான். யாரும் கேள்வி கேட்பதில்லை. போன பருவம் தொடங்கிய கிழமையில் சாச்சாவின் வலையைக் கிழித்துக்கொண்டு ஒரு பொருள் ஏறியது. ஆள் நீளம், மஞ்சள் நிறம், இரண்டு பக்கமும் செட்டை, மூக்கில் ஒரு கண்ணாடி. எழுத்து இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. அவரோடு படகில் போகிற நிஸாம் நானா, அறுத்துத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவோம் என்றாராம். சாச்சா கேட்கவில்லை. பொருளைத் தொலைத்தவன் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பான் என்று சொல்லி, கரைக்குக் கொண்டுவந்து வேலியோரம் வைத்தார். வெயிலில் வெடித்துவிடக் கூடாது என்று ஈரச்சாக்கும் போட்டு மூடினார்.

அவர் செய்த பிழை இவ்வளவுதான். கடலுக்கு அடியில் ஆளில்லாமல் களவாக உளவு பார்த்துத் திரிகிற பொருளுக்கும், அதை விட்டவன் பகலில் வந்து ஸலாம் சொல்வான் என்று நம்பினார்.

அந்த நாட்களில் தேத்தண்ணிக் கடை இரண்டாகப் பிரிந்திருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் பெயர் விட்ட இரண்டு நாடுகளில், பாதிப் பேர் அது முதலாவது நாட்டுடையது என்றீர்கள், பாதிப் பேர் இரண்டாவது நாட்டுடையது என்றீர்கள். நான் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையைக் கொண்டுபோய் வாசித்தேன். முதலாவது நாடு நீர்மூழ்கி கட்டினால், இரண்டாவது நாடு அதே மாதிரியை முதலாவதின் பழைய எதிரிக்கு விற்கிறது. அதைப் பார்த்து முதலாவது நாடு, ஒரு காலத்தில் தான் ஏசிய தூரத்து வல்லரசோடு சேர்ந்து கடற்பயிற்சி செய்கிறது. நேற்று எல்லையில் கல் எறிந்தவர்கள் இன்றைக்கு வர்த்தகம் கதைக்கிறார்கள். இதற்கெல்லாம் படைபலச் சமநிலை என்று பெயர் என்று விளங்கப்படுத்தினேன். சாச்சா பிளேன்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"பேப்பர்காரி, சமநிலை எண்டா தராசுதானே?"

"ஓம் சாச்சா."

"அப்ப அதப் பிடிச்சிட்டு ஒருத்தன் நிக்க வேணுமே. தட்டுல இரிக்கிறவனுக்கு ஒண்டும் இல்ல. பிடிச்சவன்ட கைதான் நோகும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாட்டுப் போர்க்கப்பல்களையும் எங்கள் நாடு ஒரே துறைமுகத்தில் அடுத்தடுத்து வரவேற்றதைத் தொலைக்காட்சியில் காட்டியபோதும் அவர் இப்படித்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொடிதான் மாறுகிறது, வாசிக்கிற பாண்ட் வாத்தியம் ஒன்றுதான், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சோடாவாவது கொடுத்தார்களா என்று கேட்டார்.

பிறகு உரியவன் அல்லாதவர்கள் வந்தார்கள். சீருடை போட்டவர்களும் போடாதவர்களும். பொருளைத் தறப்பாளில் சுற்றி ஏற்றினார்கள். விசாரணை முடியும்வரை என்று சொல்லிப் படகையும் இஞ்சினையும் கிழிந்த வலையையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். சாச்சாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மேசையில் ஒருவர், முதலாவது நாடு உனக்கு என்ன தந்தது என்று கேட்டார். அடுத்த மேசையில் மற்றவர், இரண்டாவது நாடு என்ன தந்தது என்று கேட்டார். திரும்பி வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு அவர் சொன்னதை வாப்பாவும் உம்மாவும் நானும் கேட்டோம்.

"காலையில நான் ஒரு நாட்டு உளவாளி. அந்திக்கு மத்த நாட்டு உளவாளி. பகல் சோறு திண்ணக்குள்ள மட்டும்தான் ஜவுபர்."

உம்மா சிரிக்கவில்லை. படகு எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கிழமையே தொலைக்காட்சியில் கோட் போட்ட ஒருவர் தேசப்படத்தில் எங்கள் கரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் எங்கள் பள்ளிவாசலும் பாடசாலையும் சாச்சியின் கோழிக்கூடும் இருந்தன. 'சந்தேகத்துக்குரிய மீனவர்' என்றார். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து சிறு பிள்ளையாகத் துரத்தப்பட்டு, இந்தக் கரையில் தென்னோலைக் கொட்டிலில் வளர்ந்து, நாற்பது வயதுக்குப் பிறகு சொந்தமாக ஒரு படகு வாங்கியவர் சந்தேகத்துக்குரியவர். கடலுக்கடியில் பெயரைச் சுரண்டிவிட்டுப் பொருள் அனுப்பியவர்கள் மேதகு.

கோட் போட்டவரை நான் அறியேன். உங்களை அறிவேன். தேத்தண்ணிக் கடையில் நாடு பிரித்து விளையாடியவர்கள், அவர் வந்ததும் எழும்பிப் போனீர்கள். மீன் எடுக்கிற முதலாளி தன் வாடிக் கொட்டகைப் பக்கம் வர வேண்டாம் என்றார். இன்னொருவர், இவரால் எங்கள் எல்லோருக்கும் கரைச்சல் என்று பள்ளி வாசலில் வைத்தே சொன்னார். ஒருவராவது அவரோடு பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை. பருவம் முழுக்க நிஸாம் நானா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். சாச்சாவை எந்தப் படகும் ஏற்றவில்லை. நான் சிங்களத்திலும் தமிழிலும் மனு எழுதிக்கொடுத்தேன். அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது எப்போதும் கடல் பக்க யன்னலோரம்தான் இருப்பார். சிலாபத்துக்கு அப்பால் ஒரு மதிலுக்கு மேலாகத் தன் படகின் முன்பக்க அணியம் தெரியும் என்றார். ஒவ்வொரு முறையும் வெயிலில் இன்னும் கொஞ்சம் வெளிறியிருந்ததாம்.

அதற்குப் பிறகு இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஒரு மாநாட்டில் கைகொடுத்தார்கள். ஏன் கைகொடுத்தார்கள் என்று பத்திரிகைகள் நிறைய எழுதின. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மூன்றாவது ஆள்மேல் கோபம் வந்துவிட்டது என்பதுதான் நான் விளங்கிக்கொண்டது. அதே கோட்டோடு அதே மனிதர் வந்து, பிராந்தியத்தில் பதற்றம் தணிந்தது என்றார். எங்கள் வட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாச்சாவுக்குச் சந்தோஷம். சண்டையால் போன படகு சமாதானத்தால் வரும் என்று நினைத்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனார். அதுதான் கடைசிப் பயணம்.

அங்கே நடந்ததை அவர் பஸ்ஸில் ஏறியவுடன் கைபேசியில் சாச்சியிடம் சொல்லியிருக்கிறார். விசாரணை முடிந்துவிட்டதாம். விசாரித்தவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றலாகிவிட்டார்களாம். ஆகவே படகை விடுவிக்கக் கையெழுத்துப் போட இப்போது ஆள் இல்லையாம். சரி, அந்த மஞ்சள் பொருள் எங்கே என்று கேட்டிருக்கிறார். அது உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்களாம். யாரிடம் என்று கேட்டதற்கு, அதைச் சொல்ல ஏலாது என்றார்களாம்.

சாச்சி இதை எனக்கு அழாமல் சொன்னார். சாச்சியைப் பெயர் சொல்லி அழைத்து, சாச்சா கடைசியாகச் சொன்னது இது:

"உரியவன் வந்து எடுத்திட்டானாம், ஸித்தி. எனக்கு ஒரு ஸலாம் சொல்லல்ல."

நான் எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். கப்பல்கள், ஏவுகணைகள், உடன்படிக்கைகள் பற்றிப் படித்து, தவணைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். இவ்வளவு பெரிய படைகளை வைத்திருக்கிற நாடுகளிடம், 'அது என்னுடையதுதான், உங்கள் வலை கிழிந்ததற்கு வருந்துகிறேன்' என்று ஒரு மனிதனிடம் சொல்கிற துணிவு இல்லை என்று எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. எங்கள் கரையில் துடுப்பைத் தொலைத்த ஆளிடம் அந்தத் துணிவு இருந்தது.

இருந்தது என்றுதான் எழுத வேண்டும். இப்போது வேலியில் ஒன்றும் இல்லை. எது வலையில் ஏறினாலும் அறுத்து விடுகிறீர்கள். போன மாதம் நிஸாம் நானாவின் மிதப்பைக்கூட யாரோ கண்டு, எடுக்காமல் விட்டுவிட்டு வந்தாராம். பயம் என்று சொல்கிறீர்கள். எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வழக்கத்தை எந்த நாட்டுக் கப்பலும் வந்து பிடித்துக்கொண்டு போகவில்லை. நீங்களாகவே கொடுத்தீர்கள்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தீர்கள். சாச்சி கணவனுக்காக வீட்டுக்குள் இத்தாவில் இருப்பதால் வர முடியவில்லை. படகு வந்தால் நிஸாம் நானா ஓட்டுவார், என் பிள்ளைகள் சாப்பிடுவார்கள், அதை மட்டும் கேட்டு வா என்று என்னை அனுப்பினார். பிரதம விருந்தினர், பிராந்தியத்தின் படைபலச் சமநிலையில் உங்கள் கரை மிக முக்கியமான இடம் என்று பேசினார். நீங்கள் கை தட்டினீர்கள். படிக்கிற பிள்ளை என்று என்னை நன்றியுரைக்கு அழைத்தார்கள். நான் நன்றி சொல்லவில்லை.

"எங்கட சாச்சாட போட் இப்ப யாருட்ட இரிக்கி, சேர்?"

அவர் சங்கத் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னிடம் வந்து தணிந்த குரலில், "மகள், இது அதக் கேக்கிற இடமில்ல" என்றார். கேட்கிற இடம் எது என்று கேட்டேன். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது என்றார்.

ஜவுபர் சாச்சாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பொறுமையை அல்ல. அது அவரைக் கொன்றது என்றுதான் நினைக்கிறேன். அவருடைய பகிடியும் எனக்கு வராது. 'யாரிடம்' என்று அந்த அலுவலகத்தில் கடைசியாகக் கேட்டாரே, அந்தக் கேள்வியை வைத்துக்கொள்கிறேன். பதில் வரும்வரை அது என்னுடையது. என் பெயர் போட்டே கேட்பேன்.

விருந்தினரின் வாகனம் போனது. நீங்கள் கதிரைகளை அடுக்கினீர்கள். நான் மேடையை விட்டு இறங்கவில்லை. நிஸாம் நானா மட்டும் கடைசி வரிசையில் தன் கதிரையைக் கொடுக்காமல் இருந்தார். கட்டடத்தைப் பூட்டுகிறவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அதே கேள்வியை இன்னொரு முறை, இந்தமுறை உங்களிடம், கேட்டேன். விளக்குகள் அணைக்கப்பட்டன.